பாதிக் கூரை

கோல்தாடா, பால்பா
20 ஏப்ரல் 2009

அன்புள்ள அண்ணாவுக்கு,

கடிதம் எழுதுவதற்குக் கோபித்துக்கொள்ளாதே. "போன் இருக்கிற காலத்துல யாராவது கடுதாசி எழுதுவாங்களா?" என்று போன தடவையே கேட்டாய். போனில் எனக்குப் பேச்சு வருவதில்லை. நான் பேசத் தொடங்கியதும் அம்மா எதிரே வந்து நின்று என் முகத்தையே பார்க்கிறாள். ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு, மிச்சமுள்ள கையால் நீ சொல்வதை அவளுக்குச் சொன்னால் பாதிதான் போய்ச் சேர்கிறது. பிறகு இரண்டு நாள் "வேறென்ன சொன்னான், வேறென்ன சொன்னான்" என்று என்னைத் துளைத்தெடுக்கிறாள்.

நாங்கள் நலம். பனி விலகியதும் அம்மாவின் முட்டிவலி குறைந்துவிட்டது. உன் இருமல் நின்றதா?

பூர்ண பகதூர் மாமா தோஹாவிலிருந்து வந்து சேர்ந்தார். நீ கொடுத்தனுப்பிய டிவிடி பிளேயர், சோப்புகள், நீ பேசிப் பதிவு செய்த டிஸ்க் எல்லாம் பத்திரம். மாமா டிஸ்க்கைக் காட்டி, இடது புருவத்தின் மேல் விரலால் ஒரு கோடு இழுத்தார். ஆட்டுக் கொம்பு கிழித்த உன் தழும்புதானே நம் வீட்டில் உன் பெயர்! அம்மா டிஸ்க்கை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் முகம்தான் அதில் தெரிந்தது. உடனே போய்த் தலை வாரி, நல்ல சால்வையைப் போர்த்திக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டாள். நீயும் அவளைப் பார்ப்பாய் என்று நினைத்திருக்கிறாள், அண்ணா.

பிளேயர் டிஸ்க்கை உள்ளே இழுத்தது, கரகரவென்று சுற்றியது, 'டிஸ்க் தவறு' என்று எழுதிக் காட்டியது. மாமா அதன் தலையில் இரண்டு தட்டுத் தட்டினார். அப்போதும் அதையேதான் காட்டியது.

மறுநாள் தான்சேன் கடைவீதியில் ஹேராகாஜி அண்ணன் கடைக்குக் கொண்டுபோனேன். கல்யாண வீடியோவெல்லாம் டிஸ்க்கில் போட்டுக் கொடுப்பவர். "படம் உள்ள நல்லாத்தான் இருக்கு. ஆனா இது கம்ப்யூட்டருக்குப் புரியுற படம். உங்க வீட்டுப் பெட்டிக்கு இந்த பாஷை தெரியாது. மாத்தணும்" என்றார். பிறகு, "என்ன தங்கச்சி, சத்தமே இல்ல? உங்கண்ணன் மைக்க ஆன் பண்ண மறந்துட்டானா?" என்று கேட்டார். அம்மாவுக்குக் காது கேட்காது, பிறந்ததிலிருந்தே அப்படி, எழுதப் படிக்கவும் தெரியாது, நாங்கள் மூன்று பேரும் கையால்தான் பேசுவோம் என்று சொல்லி முடிப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது.

மாற்றித் தருகிறாராம், மின்சாரம் இருந்தால். உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். பிறகு கேட்கிறேன்.

உன் தங்கை
கிம்கலா

•

தோஹா
6 மே 2009

அன்புத் தங்கைக்கு,

பி.ஏ. முடித்தவள் கடிதம் எழுதினால் இப்படித்தான் இருக்கும் போல. என் அறையில் இருக்கும் ஆறு பேரும் வாங்கிப் படித்தார்கள். அம்மா சால்வை போர்த்திய இடத்தில் ஜீவன் எழுந்து வெளியே போய்விட்டான். அவனுடைய மடிக்கணினியில்தான் நான் பேசிப் பதிவு செய்தேன். அப்படியே டிஸ்க்கில் ஏற்றினால் போதும் என்று சொன்னவனும் அவன்தான். "கம்ப்யூட்டர் படிச்சவன்னு சொல்லிக்காதே" என்று எல்லாரும் அவனைக் கிண்டல் செய்கிறார்கள்.

நான் சுகம். இருமல் போய்விட்டது. வெயில் ஏறுகிறது. அலுமினியம் அறுக்கும் பிரிவுக்கு மாற்றியிருக்கிறார்கள். நிழலில் வேலை, அதுவே பெரிய விஷயம்.

தசைன் பண்டிகைக்கு வந்துவிடுவேன். அதை டிஸ்க்கில் அம்மாவிடமே சொல்லியிருக்கிறேன், நீ முந்திக்கொண்டு சொல்லிவிடாதே. என்னவோ கேட்க வேண்டும் என்றாயே, அது என்ன?

அண்ணன்
டேக் பகதூர்

•

கோல்தாடா
28 மே 2009

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். சோளம் முழங்கால் உயரம் வந்துவிட்டது. உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்னை வீட்டுக்குக் கொண்டுவர நாலு நாள் ஆனது. கடைப் பக்கம் பத்து மணிக்கு மின்சாரம் வரும், ஒரு மணிக்குப் போய்விடும். நாற்பது நிமிடப் படத்தை அந்தப் பழைய கணினி மாற்ற இரண்டு மணி நேரம் எடுக்கிறது. முதல் நாள் தொண்ணூறு சதவீதத்தில் விளக்கு அணைந்தது. ஹேராகாஜி அண்ணன், "உங்கண்ணன் விமானத்துல இருந்து இறங்குற நேரத்துல ஏணிய எடுத்துட்டானுங்க" என்றார். இரண்டாம் நாள் டிஸ்க் தயாரானது. வீட்டில் போட்டால் நீ கறுப்பு வெள்ளையாக, மேலிருந்து கீழே உருண்டுகொண்டே இருந்தாய். வேறு நாட்டு டிவிக்கான முறையில் மாற்றிவிட்டாராம். அம்மா பயந்துபோய் டிவியைத் துணியால் மூடிவிட்டாள்.

நாலாம் நாள் நீ வந்தாய். நிறத்தோடு, சரியாக. கூடவே ஒரு சினிமாப் பாட்டும் வந்தது! "அம்மாவுக்குக் கேக்காது, சரி. உனக்குக் கேக்கும்ல? சும்மா பாத்தா போரடிக்காது?" என்று அவராகவே சேர்த்துவிட்டிருக்கிறார். நீ அம்மாவின் முட்டிவலியை விசாரிக்கும்போது பின்னணியில் காதல் பாட்டு ஓடுகிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஓடி வந்து ஆடினார்கள்.

அம்மா எதையும் கவனிக்கவில்லை. உன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் நீ இரண்டு உள்ளங்கைகளையும் சாய்த்துச் சேர்த்துக் கூரை காட்டினாயே, வீட்டுக்கு வருகிறேன் என்று, அப்போது என் தோளில் ஓங்கி ஒரு அடி அடித்தாள். இன்னும் வலிக்கிறது.

ஒன்று சொன்னால் நம்பமாட்டாய். ரிமோட்டில் இரண்டு குச்சி போட்ட பொத்தானை அம்மா தானாகவே கண்டுபிடித்துவிட்டாள். நீ ஏதாவது கேட்டதும் அதை அழுத்துகிறாள். நீ அப்படியே நிற்கிறாய். அவள் ஆற அமரப் பதில் சொல்லிவிட்டு மறுபடி அழுத்துகிறாள். இத்தனை பொறுமையாக நீ அவள் பேச்சைக் கேட்டதே இல்லை.

கேட்க நினைத்ததை இனிக் கேட்கத் தேவையில்லை. தசைனுக்கு வருவாயா என்பதுதான்.

கிம்கலா

•

தோஹா
18 ஜூன் 2009

அன்புத் தங்கைக்கு,

நான் சுகம். அம்மாவும் நீயும் சுகமாய் இருங்கள்.

ஹேராகாஜி அண்ணனிடம் அடுத்த தடவை நல்ல பாட்டாகப் போடச் சொல். வெள்ளிக்கிழமை விடுமுறையில் இன்னொன்று பதிவு செய்து அனுப்புகிறேன். அம்மா பதில் சொல்லும் அளவுக்கு நடுநடுவே இடம் விட்டுப் பேசுகிறேன்.

இங்கே கூடுதல் நேர வேலை. தூக்கம் வருகிறது. நிறுத்துகிறேன்.

டேக் பகதூர்

•

கோல்தாடா
2 ஆகஸ்ட் 2009

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலமா? ஆறு வாரமாக உன் கடிதம் இல்லை. டிஸ்க்கும் வரவில்லை. போன் செய்தால் ஜீவன் அண்ணன் எடுத்து, "வேலைக்குப் போயிருக்கான்" என்கிறார். மூன்று தடவையும் அதையேதான் சொன்னார். ஒரு தடவை வெள்ளிக்கிழமை.

இங்கே மழை. சாலை இரண்டு இடத்தில் சரிந்திருக்கிறது. தபால் அதனால்தான் வரவில்லை என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். அவள் பழைய டிஸ்க்கைத் தினமும் போட்டதில், இப்போது நடுவில் உன் முகம் கட்டம் கட்டமாக உடைகிறது. ஹேராகாஜி அண்ணன் கடையில் காலை வேளையில் உதவிக்குப் போகிறேன். படம் மாற்றும் வேலையை இப்போது நானே செய்கிறேன். ஆட்களிடம் அதிகம் பேச வேண்டியதில்லை, எனக்குப் பிடித்திருக்கிறது.

இரண்டு வரி எழுது, போதும்.

கிம்கலா

•

தோஹா
25 ஆகஸ்ட் 2009

அன்புத் தங்கைக்கு,

நலம், நலமறிய ஆவல். கையெழுத்து மாறியிருக்கிறதே என்று பயப்படாதே. வேலை அதிகம், படுத்துக்கொண்டே சொல்கிறேன், ஜீவன் எழுதுகிறான்.

தசைனுக்கு வர முடியாது. விடுமுறை கிடைக்கவில்லை. அம்மாவிடம் நீயே பக்குவமாகச் சொல். இத்துடன் ஒரு டிஸ்க் இருக்கிறது. சிறியதுதான்.

டேக் பகதூர்

•

கோல்தாடா
14 செப்டம்பர் 2009

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் நலம். நீ நலமா என்று வழக்கத்துக்காகக் கேட்கவில்லை.

டிஸ்க்கை அன்றே மாற்றிக் கொண்டுவந்தேன். ஏழு நிமிடம். நீ இடது கையால் பேசுகிறாய். புத்தகம் திறப்பது போல இரண்டு கைகளையும் விரித்தால்தான் அது என் பெயர். நீ ஒரு கையை மட்டும் விரித்தாய். என் பெயரை மறந்துவிட்டாய் என்று எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. கடைசியில் கூரை காட்டினாய். ஒரு பக்கம்தான் இருந்தது. ஒரு உள்ளங்கை சாய்ந்து நின்றது, எதிரே ஒன்றும் இல்லை. அம்மா பொத்தானை அழுத்தி நிறுத்திவிட்டு, "இன்னொரு கை எங்கே?" என்று கேட்டாள். உன்னிடம் அல்ல, என்னிடம்.

தவறு என்னுடையது என்றுதான் நினைத்தேன். சில டிவியில் படத்தின் ஓரம் வெட்டுப்பட்டுவிடும். சுற்றிலும் கறுப்பு விளிம்பு விட்டு மறுபடி மாற்றினேன். இப்போது உன் பின்னாலிருக்கும் கட்டில் கால்கூட முழுதாகத் தெரிந்தது. கை தெரியவில்லை.

ஹேராகாஜி அண்ணன் பார்த்துவிட்டு, "இதுக்குப் போய் முகத்த தூக்கி வச்சிருக்கியே! மடிக்கணினி கேமரா சில நேரம் கண்ணாடி மாதிரி எடுக்கும். இடது வலமா மாறியிருக்கும். அவன் வலது கையாலதான் பேசுறான், போ. திருப்பிப் போடு" என்றார். எனக்கு உயிர் வந்தது. திருப்பிப் போட்டேன். நீ வலது கையால் பேசினாய், பழையபடி.

அம்மா அரை நிமிடம்கூடப் பார்க்கவில்லை. எழுந்து போய் டிவி கண்ணாடியில் உன் புருவத்தை விரலால் தொட்டாள். தழும்பு வலது புருவத்தில் இருந்தது. திரும்பி என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. இது அவன் இல்லை, நீ என்ன செய்தாய் என்று கேட்டாள்.

திருப்பாத டிஸ்க்கைத்தான் இப்போது பார்க்கிறாள். அதில் தழும்பு சரியான இடத்தில் இருக்கிறது.

எழுது.

கிம்கலா

•

தோஹா
27 செப்டம்பர் 2009

அன்புத் தங்கைக்கு,

நலம். கேமரா சரியில்லை. வலது கை பக்கத்தில்தான் இருந்தது, தலையணை மறைத்துவிட்டது. அம்மாவிடம் அப்படியே சொல்லிவிடு. இனி டிஸ்க் அனுப்பவில்லை. ஜீவன் மடிக்கணினி பழுதாகிவிட்டது. தசைன் நல்லபடியாக நடக்கட்டும்.

டேக் பகதூர்

(டேக் சொன்னதை எழுதியிருக்கிறேன், தங்கச்சி. — ஜீவன்)

•

கோல்தாடா
11 அக்டோபர் 2009

அன்புள்ள அண்ணாவுக்கு,

கடிதம் கிடைத்தது. தசைன் முடிந்துவிட்டது. ஆடு வெட்டவில்லை, மாமா வீட்டிலிருந்து கறி வந்தது.

நீ சொல்லச் சொன்னதை அம்மாவிடம் சொல்லவில்லை. அவளுக்காக உன் பேச்சில் கூட்டியும் குறைத்தும் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். இருமலை மறைத்தேன், சரிந்த சாலையைப் பெரிதாக்கினேன். கையைப் பற்றிய பொய்யைக் கையால் சொல்ல எனக்கு வரவில்லை.

தசைனின் பத்தாம் நாள் காலை, தயிரில் பிசைந்த அரிசியை எடுத்து என் நெற்றியில் டீகா வைத்தாள். பிறகு டிஸ்க்கைப் போடச் சொன்னாள். அன்று மின்சாரம் இருந்தது. உன் முகம் நேராக வந்த இடத்தில் நிறுத்திவிட்டு, டிவி கண்ணாடியில் உன் நெற்றியில் டீகாவை ஒட்டினாள். நம் வெள்ளை டீகாதான். ஈரம் கோடாக உன் மூக்கில் வழிந்தது. துடைத்துவிட்டாள். வாழைக்காய் வறுவலைத் தட்டில் வைத்து டிவிக்கு முன்னால் நகர்த்தினாள். மாமா சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் தொப்பியைக் கழற்றிக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு படத்தை ஓடவிட்டு, நீ கூரை காட்டும் இடத்தில் மறுபடி நிறுத்தினாள். அந்த ஒற்றை உள்ளங்கை சாய்ந்து நின்றது. அம்மா கிட்டே போய்த் தன் கையைச் சாய்த்து, கண்ணாடியில் உன் கைக்கு எதிரே வைத்தாள்.

பொத்தானை அழுத்தாமல் ரொம்ப நேரம் அப்படியே நின்றாள். படம் தானாகவே ஓடத் தொடங்கிவிட்டது.

அவளுக்குத் தெரிந்துவிட்டது. இனி நீ சொல்லாமல் இருப்பது எங்கள் இருவரில் யாருக்காக?

கிம்கலா

•

தோஹா
1 நவம்பர்

தங்கச்சி

இது நானே எழுதுவது. இடது கை. ஒரு பக்கத்துக்கு இரண்டு நாள் ஆனது.

ஜூலை 2. அறுக்கும் எந்திரம். வலது கையில் கட்டை விரல் இல்லை. அடுத்த இரண்டும் இல்லை. ஆறிவிட்டது. வலி இல்லை. இப்போது வாசலில் காவல் வேலை. டிசம்பரில் அனுப்பிவிடுவார்கள்.

ஊருக்கு வரமாட்டேன். டில்லியில் ஜீவனின் அண்ணன் இருக்கிறான். அங்கே போகிறேன். கையைப் பார்த்து அழுவாள் என்பதால் அல்ல. மற்றவன் விரல் போனால் விரல்தான் போகும். எனக்கு அம்மாவிடம் பேசும் பேச்சே போய்விட்டது. நாக்கு அறுந்தவனாக வந்து அவள் முன்னால் உட்கார முடியாது.

அந்த ஏழு நிமிடத்தைப் பதிவு செய்ய ஒரு வாரம் பழகினேன். அதுவும் அவளுக்குப் பாதிதான் புரிந்திருக்கிறது.

டேக்

•

கோல்தாடா
19 நவம்பர் 2009

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கடிதத்தை உள்ளறையில் வைத்து நாலு தடவை படித்தேன். கோணல் எழுத்துதான், ஆனால் உன் எழுத்து. வலி இல்லை என்று எழுதியிருக்கிறாய். நம்புகிறேன், கொஞ்சம்.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். என் விரல்களை மடக்கிக் காட்டினேன். கட்டை விரல், அடுத்தது, அதற்கடுத்தது. மிச்சம் இரண்டு விரலையும் தொட்டு எண்ணினாள். அடுப்படிக்குப் போய்விட்டாள். அழுதாள், ஆமாம். மாலையில் மாட்டுக்குப் புல் வெட்டப் போனாள்.

மறுநாளிலிருந்து என்ன செய்கிறாள் தெரியுமா? வலது கையைச் சால்வைக்குள் செருகி முடிந்துகொண்டு, இடது கையால் மட்டும் என்னிடம் பேசுகிறாள். முதல் நாள் எனக்கு ஒன்றும் புரியவில்லை. உப்பு கேட்டாள், நான் துடைப்பத்தைக் கொடுத்தேன். தலையில் குட்டினாள், அதுவும் இடது கையால். இப்போது என் பெயர் புத்தகம் இல்லை. ஒரு கையைக் கன்னத்தில் வைத்துக் குனிந்தால் அது நான், படிக்கும்போது நான் அப்படித்தான் உட்கார்வேனாம். கூரைக்கும் புதிதாக ஒன்று கண்டுபிடித்திருக்கிறாள். உள்ளங்கையைத் தலைக்கு மேலே கவிழ்த்துப் பிடிக்கிறாள். மழை வந்தால் பிடிப்போமே, அப்படி. ஒரு கை போதும், அண்ணா.

தினம் ஒன்றிரண்டு சேர்கிறது. எழுதி வைக்கிறேன், படமும் வரைகிறேன். இருபத்து மூன்று ஆகியிருக்கிறது. நாக்கு அறுந்ததாக நீ எழுதியதை மட்டும் அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் உனக்கும் ஒரு குட்டு காத்திருக்கும்.

நேற்று என்னிடம் ஒன்று சொன்னாள். உன் கையைக் கண்ணால் காணாததால் தினமும் ஒவ்வொரு மாதிரி அது அவளுக்குத் தெரிகிறதாம். ஒரு நாள் மணிக்கட்டு வரை இல்லை. ஒரு நாள் தோள் வரை. ஒரு நாள் கை இருக்கிறது, ஆனால் ரத்தம் நிற்கவில்லை. இரண்டு விரல் இருக்கிறது என்று நான் எத்தனை தடவை காட்டினாலும், "அது உன் கை, அவன் கை இல்லை" என்கிறாள்.

டில்லிக்குப் போவதும் போகாததும் உன் விருப்பம். அதைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. என் ஏப்ரல் கடிதத்தில் கேட்காமல் விட்டது நீ வருவாயா என்பது, இப்போது கேட்கப் போவது வேறு. ஜீவன் அண்ணனின் மடிக்கணினி பழுதாகவில்லை என்று எனக்குத் தெரியும். நன்றாகச் சாப்பிடு, காயத்தில் தூசி படாமல் பார்த்துக்கொள். அம்மா உனக்குத் தொப்பி பின்னுகிறாள், இரண்டு கையாலும்தான்.

கேட்க வேண்டியது இதுதான். இன்னும் ஒரே ஒரு படம் எடு. பேச வேண்டாம், கூரை காட்ட வேண்டாம். வலது கையை கேமராவுக்கு முன்னால் நீட்டிப் பிடி, முன்புறமும் பின்புறமும். அம்மா பொத்தானை அழுத்தி வேண்டிய மட்டும் பார்த்துக்கொள்வாள். எப்படி இருக்கிறதோ அப்படியே டிஸ்க்கில் ஏற்றி அனுப்பு. மாற்றுவதை, கடை திறக்கும் முன்பே போய் நானே செய்துகொள்கிறேன், வேறு யாரும் பார்க்கமாட்டார்கள். ஓரம் வெட்டுப்படாமல், இடம் வலம் மாறாமல் செய்கிறேன்.

அந்தக் கையைக் காட்டு, அண்ணா.

கிம்கலா